ஊர்ச் சத்திரத்தைப் பழுதுபார்க்க நிதி: எங்கிருந்து ஆரம்பிப்பது?

திண்ணைவாசி:
காவிரி டெல்டா கிராமம். நூறு வருஷத்துக்கு மேலான சத்திரம். செங்கல், சுண்ணாம்புக் காரை, மெட்ராஸ் டெரஸ் கூரை (தேக்குக் கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்டது). தொல்லியல் துறைப் பட்டியலில் இல்லை. பொறியாளர் ஒருவர் மொத்தமாக ஒரு தொகை எழுதிக் கொடுத்திருக்கிறார், கூரைமேல் 4 அங்குல கான்கிரீட்டும் சேர்த்து. ஊர் வசூலில் பாதிகூடத் தேறாது. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் பணம், சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் இரண்டும் வாங்க வழி உண்டா?

கணக்குப்பிள்ளை:
முதலில் சொத்து யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சில சத்திரங்கள் அறநிலையத் துறையிடம் இருக்கும். தஞ்சை மராட்டியர் கட்டியவை மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வரும். அப்படியானால் நீங்கள் வசூலிப்பதற்கே அனுமதி வேண்டும்.

சிஎஸ்ஆர் கிடைக்கும். கம்பெனிகள் சட்டம் 2013, ஏழாவது அட்டவணையில் வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களைச் சீரமைப்பதும் இருக்கிறது. ஆனால் கட்டடம் ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை, வருமான வரித் துறையில் 12ஏபி (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச்சலுகை) என்று சொல்லும் இரண்டு பதிவுகள், அதன்மேல் சிஎஸ்ஆர் பணம் வாங்க மத்திய அரசிடம் பதிவு செய்து பெறும் சிஎஸ்ஆர்-1 எண், இவ்வளவும் கையில் இருந்தால்தான் மனுவையே படிப்பார்கள். பட்டியலில் இல்லாத கட்டடத்துக்கு வரலாற்று முக்கியத்துவத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்: கல்வெட்டு, பழைய பத்திரம், அளவெடுத்த வரைபடம், தேதியிட்ட படங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் பலர் சிக்குவது இங்கே. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும்கூட. அதற்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஆகவே வாங்கும் முன்பே பாஸ்போர்ட் நகல் கேளுங்கள். கொஞ்சம் சங்கடம்தான், பரவாயில்லை. உள்ளூரில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு 80ஜி வரிச்சலுகை இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காரைக்கொத்தன்:
அந்த மதிப்பீட்டை வைத்துக்கொண்டு யாரிடமும் போகாதீர்கள். 4 அங்குல கான்கிரீட் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ இரண்டே கால் டன். தேக்குக் கட்டைகள் அந்தப் பாரத்துக்குப் போட்டவை அல்ல. சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனைகள்தான் முதலில் உளுத்துப்போகும். கீழிருந்து பார்த்தால் கூரை நன்றாகத்தான் தெரியும். பழங்கட்டட வேலை தெரிந்தவர் ஒவ்வொரு கட்டை முனையையும் கம்பியால் குத்திப் பார்த்து எண் போடட்டும். எத்தனை மாற்ற வேண்டும், எத்தனைக்கு முனை மட்டும் ஒட்டுப்போட்டால் போதும் என்று தெரிந்த பிறகே தொகை. தேக்கு விலைதான் மதிப்பீட்டையே புரட்டிப் போடும்.

வேலையை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று: நீர்த்தாரை, வடிகால், சுவரில் முளைத்த அரசங்கன்று, தளத்து ஓடு. இரண்டு: கட்டைகள். மூன்று: பூச்சு, வர்ணம், தரை. ஊர்க்காரர்கள் மூன்றாவதற்குத்தான் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், பெயர்ப்பலகை வைக்கலாமே! கூரை ஒழுகும்போது பூசினால் அடுத்த ஐப்பசியில் உப்புப் பூத்து உதிரும்.

திண்ணைவாசி:
அறக்கட்டளை இருக்கிறது, மற்ற பதிவு எதுவும் இல்லை. மழைக்கு முன் என்ன செய்யலாம்?

காரைக்கொத்தன்:
சந்தேகமான கட்டைகளுக்குக் கீழே குறுக்குக் கட்டை கொடுத்துச் சவுக்கு முட்டு. அடியில் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் தரை அமுங்கி முட்டு தளர்ந்துவிடும். தளத்து வெடிப்புகளில் சுண்ணாம்புக் கலவை. தார்ப்பாயைத் தளத்தோடு ஒட்டி விரிக்காமல் மூங்கில் சட்டத்தில் சரிவாகக் கட்டுங்கள், காற்று போகட்டும். கன்றை வெட்டினால் மறுபடி தழைக்கும். வேரோடு எடுத்துவிட்டு அந்தக் குழியை அடையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இந்த அளவுக்கு ஊர்ப்பணமே போதும். வசூலை உபயமாகப் பிரித்துவிடுங்கள்: ஒரு கட்டைக்கு ஒரு உபயதாரர், 100 சதுர அடித் தளத்துக்கு ஒருவர். சத்திரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மாதாமாதம் வரவுசெலவு கோயில் பலகையில். புதுச்சேரி வைசியாள் வீதியில் பழைய வீடுகளைச் சீரமைக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற திட்டத்தில் நிதி வந்தபோதும் வீட்டுக்காரர்களும் பங்கு போட்டார்கள். கம்பெனிக்காரர் முதலில் கேட்பதும் ‘உங்கள் பங்கு எவ்வளவு?’ என்பதுதான். முதல் கட்டத்தை முடித்து ரசீதுகளோடு போனால் இரண்டாம் கட்டத்துக்குத் தாராளமாகக் கேட்கலாம். பதிவுகளுக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.