புதுப்பிப்பு: ஆடியோ கிளிப் வேறு டிராக்கில் விழுவது ஏன்?

வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் கேட்டுப் பார்த்த இசையைச் சேர்த்தால், பேச்சு இருக்கும் ஏ1-ல் (முதல் ஆடியோ டிராக்கில்) விழுகிறது, படமும் நகர்ந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டது.

டிராக்குகளின் இடக்கோடியில் உள்ள நீல ஏ1 பெட்டிதான் கிளிப் எங்கே போகும் என்று தீர்மானிக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு நீலப் பெட்டி இருக்கிறது, அது பேஸ்ட் செய்வது எந்த டிராக்கில் என்று குறிக்கும் டார்கெட், குழம்ப வேண்டாம். இடக்கோடிப் பெட்டியை ஏ3-க்கு மாற்றுங்கள். வீடியோ கிளிப்பில் ஒலி மட்டும் வேண்டுமென்றால் வீ1 (முதல் வீடியோ டிராக்) பெட்டியை அணைத்துவிடுங்கள்.

சோர்ஸ் மானிட்டரில் (சேர்க்கும் முன் கிளிப்பைப் பார்க்கும், கேட்கும் சாளரம்) கேட்டபடியே ஐ (I), ஓ (O) விசைகளால் தொடக்கம், முடிவைக் குறித்து, பிளேஹெட்டை (டைம்லைனில் இப்போதைய இடத்தைக் காட்டும் கோடு) வேண்டிய இடத்தில் நிறுத்தி, முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் போதும். காற்புள்ளியை அழுத்தினால் இன்சர்ட், அதாவது இடையில் செருகல்: ஒத்திசைவுப் பூட்டு (சிங்க் லாக்) உள்ள எல்லா டிராக்கும் வலப்பக்கம் தள்ளப்படும். படம் நகர்ந்தது அதனால்தான். முற்றுப்புள்ளி எதையும் தள்ளாது. ஆனால் ஏ3-ல் அங்கே ஏற்கெனவே ஒலி இருந்தால் அதன்மேல் எழுதிவிடும்.