ஞாயிறு ராத்திரி ஸ்டாஃபோர்டு லேபுக்குப் போனது ஏன்? (‘கேன்டர்ஸ் டைலமா’ படித்தவர்களுக்கு மட்டும்)

ஜெல்ராணி:

கார்ல் ஜெராசி எழுதிய ஆங்கில நாவல் இது. விஞ்ஞானி கேன்டரின் புற்றுநோய்க் கோட்பாட்டை அவர் லேபில் வேலை பார்க்கும் இளம் ஆராய்ச்சியாளன் ஸ்டாஃபோர்டு பரிசோதனை செய்து காட்டுகிறான். இதற்குமேல் கதைச் சுருக்கம் எழுதப் போவதில்லை, படிக்காதவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளுங்கள். ஸ்டாஃபோர்டு ஞாயிறு ராத்திரி லேபுக்குப் போனது ஏன் என்று கேட்டு கேன்டருக்கு அந்த மொட்டைக் கடிதம் வருகிற இடத்தோடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், மறுபடி எடுக்க ஒரு வாரம் ஆனது. காரணம் எங்கள் லேபில் இருந்த ஒரு பையன்.

எனக்கு ஜூனியர். அவன் செய்தால் ஜெல்லில் பாண்டு, அதாவது ரிசல்ட்டைக் காட்டும் கோடு, பளிச்சென்று வரும், நாங்கள் செய்தால் வெறும் ஜெல்தான். கைடுக்கு அவன்மேல் பெற்ற பிள்ளை மாதிரி பாசம். பேப்பர் அனுப்பியபோது ரிவியூவர் அந்த ஒரு படத்தை மட்டும் மறுபடி செய்து காட்டச் சொன்னார். அன்றைக்குக் கைடு, லேபுக்குள் கால் வைத்தே பல மாதம் ஆனவர், ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “சும்மா பார்க்கிறேன், நீ பாட்டுக்குச் செய்” என்றார். பையன் பிப்பெட்டின் டிப் மாற்றும்போது கை நடுங்கியது, இரண்டு டிப் தரையில் விழுந்தது. கைடு குனிந்து எடுத்துக் குப்பையில் போட்டார், ஒன்றும் பேசவில்லை. பாண்டு வந்தது, ஆனால் மங்கல். பேப்பரும் வந்துவிட்டது, அதில் நான் மூன்றாவது ஆத்தர். இன்றைக்கும் யாராவது அதை மேற்கோள் காட்டினால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

என்னைக் கேட்டால் ஸ்டாஃபோர்டு ஏதோ செய்திருக்கிறான். ஆசிரியர் சொல்லாமல் விட்டது நம்மைப் படுத்துவதற்குத்தான்.

அப்பாபெயர்:

ஸ்டாஃபோர்டு, ஸ்டாஃபோர்டு என்றே எல்லாரும் பேசுகிறீர்கள். ஸ்டாஃபோர்டின் காதலி செலஸ்டினின் கைடு ஜீன் ஆர்ட்லியை யாரும் கண்டுகொள்வதே இல்லையே! யார்ட்லி என்ற பெயரில் முதல் எழுத்தை வெட்டிவிட்டு ஆர்ட்லி ஆகிவிடுகிறாள், ஆங்கில அகரவரிசைப்படி பெயர் போடும் பேப்பர்களில் கடைசியிலிருந்து முதலுக்கு வந்துவிடலாம் என்று. படித்தவர்கள் பலர் சிரித்ததாகச் சொன்னார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதால் அமெரிக்கா போனதும் அப்பா பெயர் எனக்கு சர்நேம் ஆகிவிட்டது, என் முதல் பேப்பரே அப்பா பெயரில்தான் மேற்கோள் ஆகிறது. ஒரு மாநாட்டில் என் போஸ்டர் முன்னால் நிற்கிறேன், பேட்ஜ் திரும்பிக் கிடக்கிறது. பெரிய பேராசிரியர் ஒருவர் வந்தார், அந்தப் பேப்பரை எழுதிய டாக்டர் இன்னார் வந்திருக்கிறாரா, அவரிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்று அப்பா பெயரைச் சொல்லி என்னிடமே கேட்கிறார். அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், ஊரில் மாடிப்படியில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார். நான்தான் அது என்றேன். அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்து போனது பாருங்கள், அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. என்ன எதிர்பார்த்து வந்தாரோ.

கேன்டராவது நோபலை ஸ்டாஃபோர்டோடு பகிர்ந்துகொள்கிறார். நிஜத்தில்? 1967இல் ரேடியோ தொலைநோக்கியின் காகிதச் சுருளில் பல்சர் என்ற வகை விண்மீனின் துடிப்பை முதலில் கவனித்தது ஜோசலின் பெல் என்ற மாணவி, 1974இல் பரிசு வாங்கியது அவருடைய கைடு ஹியூவிஷும், கூட மார்ட்டின் ரைலும்.

மைக்ரோபிப்பெட்:

ஜெல்ராணி, கை நடுங்கினால் திருடனா? எனக்கு கைடு பக்கத்தில் நின்றால் என் பெயரே மறந்துபோகும். நாவலில் ஹார்வர்டில் க்ராஸ் என்ற விஞ்ஞானியின் லேபில் முதலில் ஸ்டாஃபோர்டின் பரிசோதனை வரவில்லை, ஏனென்றால் அவன் நோட்டில் விவரம் சரியாக இல்லை. பிறகு ஸ்டாஃபோர்டே நேரில் போய்ச் செய்து காட்டுகிறான், வருகிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

என் அனுபவம் சின்னது. எங்கள் ரிசல்ட் வேறொரு லேபில் வரவில்லை என்று மெயில் வந்தது, அதில் ‘உங்கள் தரப்பில் யாராவது’ என்று ஒரு வார்த்தை, கொதித்துப்போனேன். கடைசியில் பார்த்தால் நாங்கள் பஃபர் கரைசலின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் சரிசெய்கிறோம், அவர்கள் சோடியம் ஹைட்ராக்சைடால். அவ்வளவுதான் விஷயம்.

நிஜமான மோசடி எப்படி இருக்கும் என்றால் 1981இல் கார்னெல்லில் எஃப்ரைம் ராக்கரின் லேபில் நடந்ததைப் படியுங்கள். புற்றுநோய் பற்றிய பெரிய கோட்பாடு, மாயக் கை கொண்ட இளம் மாணவர், மற்றவர்களுக்கு வராத ரிசல்ட். ஃபோல்கர் ஃபோக்ட் என்ற சக ஆராய்ச்சியாளர் கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கவுன்ட்டரை வைத்துப் பார்த்தார், ஜெல்லில் பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்கப் பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது அயோடின்-125. சந்தேகமா, அளந்து பார். அதை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

இளையவர்களுக்குச் சொல்கிறேன். லேப் நோட்டு தைத்த நோட்டாக இருக்கட்டும், ஸ்பைரல் வேண்டாம், தாள் கிழிந்தால் தெரியாது. பக்க எண் முதல் நாளே போட்டுவிடுங்கள். பென்சில் கூடாது. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடியுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள். கெமிக்கலின் கம்பெனி, லாட் எண் இரண்டும் எழுதுங்கள், டிஷ்யூ பேப்பரில் கிறுக்கி வைத்துவிட்டு சாயங்காலம் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வாரக் கடைசியில் லேபில் இல்லாத ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஜெல் போட்டோவை ஒட்டினால் பாதி போட்டோவிலும் பாதி தாளிலுமாகத் தேதி போடுங்கள். வராத ரிசல்ட்டையும் எழுதுங்கள், முக்கியமாக அதைத்தான். இன்னும் நிறைய இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இரண்டூர்க்குடித்தனம்:

சார், நோட்டு எப்படி எழுதுவது என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

எனக்கு இந்த நாவலில் பிடிக்காதது காதல் பகுதி. கேன்டருக்கும் செலஸ்டினின் உறவுக்காரப் பெண் பவுலா கர்ரிக்கும் நடுவில் ஏதோ துளிர்க்கிறது என்று ஆசையாகப் படித்தால், ஆளுக்கு ஆள் வகுப்பு எடுக்கிறார்கள். படுக்கையில்கூட பேப்பரில் யார் பெயர் முதலில் என்று பேச்சு. சரி, ஆராய்ச்சிக்காரர்கள் வீட்டில் அப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், அதுவும் உண்மைதான்.

ஆசிரியர் வாழ்க்கையில் இருந்த அளவு காதலும் கோபமும் நாவலில் இல்லை. கார்ல் ஜெராசி 1951இல் மெக்சிகோ நகரத்தில் நாரெத்திண்ட்ரோன் என்ற செயற்கை ஹார்மோனைச் செய்த குழுவுக்குத் தலைவர், கருத்தடை மாத்திரைக்கு அதுவும் ஓர் அடிப்படை. கடைசிவரை நோபல் கிடைக்கவில்லை. 1983இல் அவர் காதலித்த டயான் மிடில்புரூக், ஸ்டான்ஃபோர்டில் இலக்கியப் பேராசிரியர், வேறொருவரைப் பிடித்திருக்கிறது என்று விலகிப் போய்விட்டார். மனுஷன் அறுபதை நெருங்குகிற வயதில் பழிவாங்கக் கவிதை எழுதி, அதுவும் போதாமல் ஒரு நாவலும் எழுதினார். அந்த அம்மா திரும்பி வந்தார், 1985இல் கல்யாணமும் ஆனது, அந்த நாவல் அச்சுக்குப் போகவில்லை. நான் படிக்க விரும்புவது அதைத்தான்!

என் கதை என்னவென்றால், நானும் வீட்டுக்காரரும் ஒரே துறை, ஒரே சமயத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட்டோம். எனக்கு மெயில் வந்தபோது அவர் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். “சூப்பர்மா” என்றார், திரும்பவில்லை. கடுகு கருகி வீடெல்லாம் புகை, அவர் கரண்டியை எடுக்கவே இல்லை. பிறகு அவருக்கும் வேலை கிடைத்தது, வேறு ஊரில். அந்தப் புகையைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதில்லை.

சாவிக்கொத்து:

நான் ஆராய்ச்சியாளன் இல்லை, ஒரு லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் கொடுத்துப் படித்தேன், ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். இந்தக் கதையில் பாட்டில் கழுவுகிறவன், ஐஸ் கொண்டு வருகிறவன், சாவி வைத்திருக்கிறவன் ஒருத்தனையும் மனதில் நிற்கும்படி எழுதவில்லை. ஞாயிறு ராத்திரி யார் வந்தார்கள் என்று எங்களைக் கேட்டால் தெரிந்துவிடும், அதற்கு மொட்டைக் கடிதம் எதற்கு?

எங்கள் இடத்தில் சாவி ரெஜிஸ்டர் உண்டு. ஒரு நாள் ஒரு பேராசிரியர் வந்து ரெஜிஸ்டரைக் கேட்டார். போன மாதத்துப் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஒரு வரியில் விரல் நின்றது. யார் பெயர் என்று எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. “தேங்க்ஸ்” என்று மூடிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெயருக்கு உரிய பிள்ளை அடுத்த ஜூனில் பட்டம் வாங்கி வெளிநாடு போய்விட்டது, எனக்கு இனிப்பும் கொடுத்தது. நல்ல பிள்ளை. ஏன் வந்தது என்று கேட்டிருக்கலாம், எனக்கு அந்த இடம் இல்லை.

ஜெல்ராணி:

அண்ணா, அந்தப் பேராசிரியர் கேட்டாரா, கேட்கவே இல்லையா? இதைச் சொல்லாமல் போகாதீர்கள்.

மைக்ரோபிப்பெட்:

கேட்டால் என்ன சொல்லப் போகிறான், லேபில் வளர்க்கிற செல்லுக்கு மீடியா, அதாவது சத்துக் கரைசல், மாற்ற வந்தேன் என்பான், அது உண்மையாகவும் இருக்கும். செல்லுக்கு ஞாயிறு தெரியாது. நானே எத்தனை ஞாயிறு போயிருக்கிறேன். இரண்டூர் அக்கா, நோட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லைதான். ஆனால் இந்த நாவலில் நடக்கிற அத்தனை ரகளைக்கும் காரணம் ஒரு நோட்டில் எழுதாமல் விட்ட விவரம், அதை முதலில் சொல்லுங்கள்.