எல்லாவற்றுக்கும் ‘கட்டுப்படுத்து’ ஒன்றுதானா?

ராத்திரி டெஸ்க்:

வணக்கம். ஒரு நாளிதழில் செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குகிற வேலை எனக்கு, ராத்திரி ஷிஃப்ட். என் உயிரை வாங்குவது ஒரே ஒரு வினைச்சொல். அரசு ஏற்றுமதியை ‘கர்ப்’ செய்தாலும், போலீஸ் கூட்டத்தை ‘ரெஸ்ட்ரெயின்’ செய்தாலும், தீயணைப்புக்காரர்கள் தீயை ‘கன்டெய்ன்’ செய்தாலும், எங்கள் பக்கத்தில் எல்லாம் ‘கட்டுப்படுத்தியது’, ‘கட்டுப்படுத்தினர்’ என்றுதான் வருகிறது. போன வாரம் ஒரே பக்கத்தில் நான்கு தலைப்பு அப்படி நின்றது. சீஃப் சப் எடிட்டர் நான்கையும் சுழித்துவிட்டு, “ஊரையே கட்டிப் போட்டுட்டீங்க, யாராவது அவிழ்த்து விடுங்கப்பா” என்றார்.

அகராதியைத் திறந்தால் அடக்கு, தடு, ஒடுக்கு, கட்டுப்படுத்து ஆகிய நான்கையும் எல்லாச் சொல்லுக்கும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இந்த இங்கிலீஷ் சொற்களோடு தொழில்முறையில் புழங்குகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், ஒவ்வொன்றும் நிஜத்தில் என்ன செய்கிறது என்று சொல்லுங்களேன். இலக்கணப் பாடம் வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.

லாயத்துக்காரன்:

தம்பி, ‘கர்ப்’ எங்கள் ஆள். வேலை பார்த்ததெல்லாம் குதிரை லாயத்தில்தான், இப்போது ஓய்வு.

குதிரை வாயில் போடும் கடிவாளத்தில் இரண்டு முக்கியமான வகை உண்டு. ரேஸ் குதிரைக்குப் போடுவது ஸ்னாஃபில். லகானை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுதான் வாயில் படும். இன்னொன்று கர்ப் பிட். அதில் வாய்க்கு வெளியே இரண்டு பக்கமும் கீழ்நோக்கி நீளமான கம்பி இருக்கும், அதன் முனையில்தான் லகான். தாடைக்கு அடியில், உதட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறதே, அந்த இடத்தில் தட்டையான வளையங்கள் கோத்த ஒரு சங்கிலி கிடக்கும். லகானை லேசாக இழுத்தால் போதும், கம்பி நெம்புகோலாகத் திரும்பிச் சங்கிலி தாடையை நெரிக்கும். குதிரை தலையை மடக்கிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். அந்தச் சங்கிலிக்குப் பெயர்தான் கர்ப். வளைப்பது என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல் என்பார்கள்.

கவனியுங்கள், குதிரை நிற்கவில்லை. ஓடுகிறது, ஆனால் நாம் சொன்ன வேகத்தில். விலைவாசியை ‘கர்ப்’ செய்வது என்றால் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஏறுகிற வேகத்துக்குத்தான் பிடி. அதைப் போய் ‘விலைவாசியை ஒழிக்க நடவடிக்கை’ என்று போடுகிற பத்திரிகைகளும் இருக்கின்றன. உங்களுடையது இல்லை என்று நம்புகிறேன்.

‘ரெஃப்ரெயின்’ கூட லாயத்துச் சொல்தான். கடிவாளத்துக்கு லத்தீனில் ஃப்ரேனும், அதிலிருந்து வந்தது. ஆனால் இங்கே ஆள் தன் வாய்க்குத் தானே கடிவாளம் போட்டுக்கொள்கிறான். அடுத்தவனைப் பிடித்து நிறுத்துவதற்கு அந்தச் சொல் ஆகாது. (பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற பல்லவிக்கும் இங்கிலீஷில் இதே சொல்தான், ஆனால் அதன் பிறப்பு வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) ‘ஹாபில்’ என்று ஒன்று இருக்கிறது. மேயப் போகிற குதிரை தொலைவு போகாமல் இருக்க முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது. நம்மிடம் அதற்குத் ‘தளை’ இருக்கிறது.

வார்டு அக்கா:

‘ரெஸ்ட்ரெயின்’ பற்றி நான் சொல்கிறேன். மனநல வார்டில் செவிலியர். எங்களுக்கு அது வினைச்சொல் மட்டும் இல்லை, அலமாரியில் மடித்து வைத்திருக்கிற பொருள். மணிக்கட்டில் சுற்றுகிற பஞ்சு வைத்த துணிப்பட்டை, கட்டிலின் சட்டத்தில் கட்டுகிற நாடா. கட்டிய பிறகு பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் நம் விரல் இரண்டு நுழைய வேண்டும். அப்புறம் நேரத்துக்கு நேரம் போய் நகக்கண் நிறம் பார்க்கணும், கை சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கணும், தண்ணீர் வேண்டுமா, பாத்ரூம் போகணுமா என்று கேட்கணும். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதணும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. நோயாளிக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ உடனடி ஆபத்து, வேறு வழியே இல்லை என்றால்தான் கட்டலாம். பொறுப்பில் இருக்கும் மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பதும் காரணம் ஆகாது. சங்கிலி என்பது எந்த வடிவத்திலும் கூடவே கூடாது, அது வேறு பிரிவு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்கள் 28 பேர் வெந்து செத்தார்கள். அதற்குப் பிறகும் சில செய்திகளில் ‘ரெஸ்ட்ரெயின்’ என்பதை ‘விலங்கிட்டு’ என்று எழுதுகிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்கு ‘ஷாக்கில்’ என்று தனிச் சொல் இருக்கிறது. ரெஸ்ட்ரெயின் என்றால் ஆள் அசைவதை நிறுத்திப் பிடிப்பது, கையாலோ துணியாலோ. போலீஸ் செய்தி என்றாலும் ‘மடக்கிப் பிடித்தனர்’, ‘அசையவிடாமல் பிடித்தனர்’ என்று யார் என்ன செய்தார் என்பதை எழுதிவிடுங்கள் தம்பி.

கலிஃபோர்னியா வாசி:

‘கன்டெய்ன்’ பற்றி யாரும் பேசவில்லையே. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறேன். 2025 ஜனவரி 7 அன்று பாலிசேட்ஸ் காட்டுத் தீ கிளம்பியபோது ஊரிலிருந்து அத்தை ஃபோன் போட்டு, “பாதி அணைஞ்சிடுச்சாமே, டிவியில் சொன்னான்” என்றார். அணையவே இல்லை. தீயின் வெளிவிளிம்பைச் சுற்றி, எரிய எதுவும் மிச்சம் இல்லாமல் வெறும் மண் தெரிகிற வரை செதுக்கி ஒரு கோடு போடுவார்கள். புல்டோசர் போகிற இடத்தில் புல்டோசர், போகாத சரிவில் ஆட்களே மண்வெட்டியோடு. இந்தக் கோட்டைத் தீ தாண்டாது என்று நம்பிக்கை வந்த நீளம், மொத்தச் சுற்றளவில் எத்தனை சதவீதமோ அதுதான் அந்த ‘பாதி’க் கணக்கு. ‘50% கன்டெய்ன்ட்’ என்றால் விளிம்பில் பாதிக்கு வேலி போட்டாயிற்று, உள்ளே கொழுந்துவிட்டும் எரியலாம். 23,000 ஏக்கருக்கு மேல் எரித்த அந்தத் தீ 100% ஆனது ஜனவரி 31-ல்தான். தயவுசெய்து ‘50% அணைக்கப்பட்டது’ என்று போடாதீர்கள், எங்கள் அத்தைகள் நம்பிவிடுகிறார்கள்.

2020-ல் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்களே, கன்டெய்ன்மென்ட் ஜோன், அதுவும் இதே கதைதான். நோய் உள்ளேதான் இருக்கிறது, வெளியே விடவில்லை.

ராத்திரி டெஸ்க்:

இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை, நன்றி. அக்கா சொன்னதை வெட்டி டெஸ்க் சுவரில் ஒட்டப் போகிறேன். லாயத்து அண்ணா, ஒரு சந்தேகம். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு போட்டது முழுத் தடை. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20% ஏற்றுமதி வரி, வெங்காயத்துக்கு 40%. இங்கிலீஷ் தலைப்புகளில் இது எல்லாவற்றுக்கும் ‘கர்ப்ஸ்’ என்று போடுகிறார்கள். உங்கள் கணக்குப்படி முழுத் தடை எப்படி கர்ப் ஆகும்?

அப்புறம் ‘வித்ஹோல்ட்’?

லாயத்துக்காரன்:

ஆகாது. நான்கு எழுத்தில் முடிகிறது, தலைப்பில் இடம் மிச்சம், அதனால் போடுகிறார்கள். நீங்கள் செய்தியின் இரண்டாவது பத்தியைப் படித்துவிட்டுத் தடை என்றால் தடை, வரி என்றால் வரி என்று எழுதுங்கள். படிக்கிற அரிசி வியாபாரிக்கு அதுதான் வேண்டும்.

கோர்ட் வாசல்:

வக்கீல் குமாஸ்தா. ‘வித்ஹோல்ட்’ சுலபம் சார்: கையில் இருப்பதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. பரீட்சை ரிசல்ட்டை ‘நிறுத்தி வைத்திருக்கிறார்கள்’ என்றால் காலேஜ் பிள்ளைகளுக்கு உடனே வயிற்றைக் கலக்கும், சம்பளத்தில் வரி என்றால் ‘பிடித்தம்’. இரண்டும் இருக்கிற சொல்தானே. என் பங்குக்கு ஒன்று: ‘ஸ்டே’ வந்தாலும் ‘இன்ஜங்ஷன்’ வந்தாலும் பத்திரிகையில் ‘தடை’ என்கிறீர்கள். ஸ்டே ஒரு உத்தரவையோ வழக்கையோ அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. இன்ஜங்ஷன் பெரும்பாலும் ஒரு ஆளைப் பார்த்து ‘நீ இதைச் செய்யாதே’ என்கிறது. சுவர் கட்டக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரனுக்கு வருவது இரண்டாவது. எங்கள் கட்சிக்காரர் ஒருவர் பேப்பரைப் பார்த்துவிட்டு வழக்கே முடிந்தது என்று ஸ்வீட் வாங்கி வந்துவிட்டார். ஸ்வீட்டை நாங்கள் திருப்பித் தரவில்லை.

ராத்திரி டெஸ்க்:

சரி, கடைசியாக ஒன்று, பக்கம் முடிக்க அரை மணிதான் இருக்கிறது. ‘செலவை ரெயின் இன் செய்ய மாநிலங்களுக்கு அறிவுரை’ என்று ஒரு செய்தி. இரண்டு ‘காலம்’ தலைப்பு, அதாவது பக்கத்தில் இரண்டு செங்குத்து வரிசை அகலம். லாயத்து அண்ணா இருக்கிறீர்களா?

லாயத்துக்காரன்:

இருக்கிறேன். ரெயின் என்றால் லகான். ‘செலவை இழுத்துப் பிடிக்க’ என்று போடுங்கள், இரண்டு ‘காலத்தில்’ உட்கார்ந்துவிடும்.