அலைன்மெண்ட் பண்ணியும் ஸ்டியரிங் கோணலா நிக்குது: கழட்டி மாட்டலாமா?

காரிமங்கலத்தான்:
பழைய ஸ்விஃப்ட்ங்க, ஏர்பேக் இருக்கற மாடல். பாலக்கோடு ரோட்டுல ஒரு பள்ளத்துல டமால்னு விட்டுட்டு தர்மபுரில ஒரு கடைல அலைன்மெண்ட் (சக்கரக் கோணம் சரி பண்றது) பண்ணேன், ரிப்போர்ட்ல எல்லாம் பச்சை, அதாவது அளவெல்லாம் சரி. ஆனா பைபாஸ்ல நேரா போறப்ப ஸ்டியரிங் இடது பக்கம் சாஞ்சே நிக்குது, கைய விட்டா வண்டி எங்கயும் இழுக்கல. திருப்பி போய் கேட்டா ஸ்டியரிங்க கழட்டி அதோட தண்டுல ஒரு பல்லு தள்ளி மாட்டிரலாம்ன்றாங்க. ஓகேவா?

கிருஷ்ணகிரி லாரி மாமா:
தாராளமா மாட்டு தம்பி. சக்கரம் நேரா இருக்கு, ஸ்டியரிங் மட்டும் கோணல், அப்ப ஸ்டியரிங்கதான நேராக்கணும்? லாரில காலங்காலமா பண்றதுதான்.

மரை எண்ணுறவன்:
மாமா லாரி வேற இது வேற. லாரில டிராக் லிங்க்னு தனியா ஒரு ராடு இருக்கு, டோவ (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கற அளவு) தொடாம அதுலயே ஸ்டியரிங்க நேராக்கலாம். இதுல ரேக், அதாவது ஸ்டியரிங் திருப்புனா இடவலமா நகர்ற பல்லு தண்டு, அதோட ரெண்டு பக்கமும் சக்கரத்த திருப்பற டை ராடுதான். கடைக்காரரு ஸ்டியரிங்க நேரா வெச்சு ஸ்டாண்டு போட்டு லாக் பண்ணாம டை ராட திருப்பிருக்காரு. மெஷினுக்கு சக்கரம்தான் தெரியும், ஸ்டியரிங் எங்க பாக்குதுன்னு அதுக்கு என்ன தெரியும், பச்சை வரத்தான் செய்யும்.

தம்பி, வண்டிக்கு கீழ டார்ச் அடிச்சு பாருங்க. டை ராடு லாக் நட்டுக்கு வெளிய தெரியற மரை ஒரு பக்கம் நெறைய, இன்னொரு பக்கம் கொஞ்சம்னா பெரும்பாலும் அதான் கதை. ஒரு பக்கத்த நீட்டி மறுபக்கத்த அதே அளவு குறைச்சா மொத்த டோ மாறாது, ஸ்டியரிங் மட்டும் நடுவுக்கு வந்துரும்.

கிருஷ்ணகிரி லாரி மாமா:
அதுக்கு மறுபடி மெஷின்ல ஏத்தி மறுபடி காசு. பல்லு மாத்துனா ஒரு நட்டு, முடிஞ்சுது.

மரை எண்ணுறவன்:
ஒரு நட்டா? உள்ள ஏர்பேக், அதுக்கு பின்னாடி கிளாக் ஸ்பிரிங், ஏர்பேக்குக்கு கரண்ட் கொண்டு போற சுருள் வயர். பேட்டரி வயர கழட்டி கொஞ்ச நேரம் விடாம கை வெச்சா ஏர்பேக் மூஞ்சிலயே வெடிக்க வாய்ப்பிருக்கு. இன்னொன்னு, ரேக் நடுவுல இல்லாம ஓட்டுனா ஒரு பக்கம் யு டர்ன் சுருக்கமா வரும், மறுபக்கம் வராது. வளைவுல ஒரு பக்கம் இண்டிகேட்டரும் ஒழுங்கா ஆஃப் ஆகாது. அதுவுமில்லாம பல வண்டில ஒரு பல்லுக்கே பத்து டிகிரி கிட்ட நவுரும், இவருக்கு அஞ்சு டிகிரி கோணல்னா இப்ப வலது பக்கம் சாயும், அவ்ளோதான்.

ஓசூர் பின்னச்சு:
ரெண்டு பேரும் முன்சக்கரத்தையே பாக்கறீங்க. பள்ளத்துல விழுந்த வண்டி. ரிப்போர்ட்ல பின் சக்கர டோ என்ன போட்டிருக்கு? ஒண்ணு பிளஸ் ஒண்ணு மைனஸ்னு பெருசா இருந்தா பின்னச்சு ஒரு பக்கம் தள்ளுது, அத சமாளிக்க முன்சக்கரம் திரும்பியே ஓடும். ஸ்விஃப்ட்ல பின்னாடி அட்ஜஸ்ட்மெண்டே கிடையாது, பின் சக்கரம் ரெண்டையும் இணைக்கற பீம் வளைஞ்சிருந்தா மாத்தணும்.

காரிமங்கலத்தான்:
பின்னாடி ரெண்டும் பிளஸ்ல கிட்டத்தட்ட ஒண்ணாத்தாண்ணா இருக்கு. முழுசா இடது, முழுசா வலது ஒடிச்சு நடுவுல கொண்டாந்து நிறுத்துனா ஸ்டியரிங் நேராதான் நிக்குது.

மரை எண்ணுறவன்:
அப்ப ஸ்டியரிங் சரியான பல்லுலதான் மாட்டிருக்கு, அத தொட விடாதீங்க. டை ராடுதான்.

ஓசூர் பின்னச்சு:
அதேதான். ஆனா டை ராடு எண்டு, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்த பிடிச்சிருக்கற கைல உள்ள ரப்பர்) ஆட்டமிருக்கானு மொதல்ல பாக்க சொல்லுங்க, ஆட்டம் இருந்தா எத்தனை தடவ மெஷின்ல ஏத்துனாலும் நிக்காது.

கிருஷ்ணகிரி லாரி மாமா:
என்னமோ பண்ணுங்கப்பா. ஆனா காசு குடுக்காத, அவங்க வேலைய அவங்களே ஓசில சரி பண்ணட்டும்.

காரிமங்கலத்தான்:
கீழ குனிஞ்சு பாத்தேன் மாமா. இடது பக்கம் மரை விரல் அகலத்துக்கு வெளிய தெரியுது, வலது பக்கம் நட்டு ஒட்டிட்டு நிக்குது. போட்டோ எடுத்துட்டேன், நாளைக்கு காலைல கடைக்கே போறேன்.