கடலிலிருந்து மூன்றாவது தெரு, 26,000 வாடகை: எடுக்கலாமா, வேண்டாமா?

கரூர்க்காரி:

வணக்கம். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு வீடு பார்த்தாயிற்று. (ஒரு ஞாயிறு சித்தி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டேன்.) இப்போது ஒரு வீட்டில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறோம். நானும் அவரும் இரண்டு நாளாக அதைப் பற்றித்தான் பேசுகிறோம், இல்லையென்றால் பேசாமல் இருக்கிறோம். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எனக்குச் சென்னை அடையாறில் வேலை, அவருக்குத் துரைப்பாக்கம். இருப்பது வேளச்சேரியில் ஒரு தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பீரோவின் கீழ்த்தட்டு வரைக்கும் தண்ணீர் ஏறியது. கல்யாணப் புடவைகளில் இரண்டுக்கு இன்னும் அந்த வாசனை போகவில்லை. "கடலோரமா? சுனாமி வந்தா என்ன கண்ணு பண்ணுவீங்க?" என்று அம்மா போனில் கேட்டாள். எங்கள் வீட்டுக்குள் வந்தது கடல் தண்ணீர் இல்லையே அம்மா என்றேன். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

கடல் பக்கம் போகலாம் என்பது முழுக்க என் ஆசை. எங்கள் ஊரில் இருந்தது அமராவதி, அதுவும் பாதி வருஷம் வெறும் மணல். அவர் தூத்துக்குடி. மாமனார் உப்பளத்தில் கணக்கெழுதியவர். "எங்க தெருவுல பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி ஜன்னல் கம்பிய மாத்துவாங்க" என்று அவர் சொன்னபோது சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பெசன்ட் நகரில் ஆரம்பித்தோம். அஷ்டலட்சுமி கோயிலுக்கும் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கும் நடுவே ஸ்கூட்டரை மெதுவாக விட்டுக்கொண்டு, கேட் கேட்டாக டூ லெட் போர்டு இருக்கிறதா என்று பார்த்தோம். எங்கள் கணக்கு 28,000. அதைச் சொன்னதும் புரோக்கர் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். கைக்கு எட்டிய ஒரே வீட்டில் 'சைவம் மட்டும்' என்றார்கள். அவர் பதிலே பேசாமல் போய் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். வால்மீகி நகரில் ஒரு வீடு, ஃபிரிட்ஜை ஹாலில்தான் வைக்க முடியும். பாலவாக்கத்தில் ஒன்று நன்றாகவே இருந்தது, ஆனால் குளியலறைக்கு வெளிச்சம் வரும் வழி பக்கத்து வீட்டுச் சமையலறைதான்.

இப்போது சிக்கியிருப்பது கொட்டிவாக்கம், ஈசிஆருக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) கிழக்கே, மணலிலிருந்து மூன்றாவது தெரு, இரண்டாவது மாடி, டபுள் பெட்ரூம். 26,000. பால்கனியில் கொஞ்சம் எக்கி நின்றால் இரண்டு வாட்டர் டேங்குக்கு நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரிகிறது. எனக்கு அந்த ஒரு சாணே போதும்.

அவர் கடலைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் கீலைப் பார்த்தார். எதிர் வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தார். சமையலறைக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நக்கிப் பார்த்தார். ஓனர் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. அப்புறம் பால்கனிக்கு மேலே சன்ஷேடில் புதுப் பெயிண்ட் லேசாக உப்பியிருந்த இடத்தை ஸ்கூட்டர் சாவியால் ஒரு தட்டு தட்டினார். கையகலத்துக்குச் சிமென்ட் பெயர்ந்து விழுந்தது. "அது பெயிண்டுங்க" என்றார் ஓனர் அம்மா. உள்ளே செங்காவி நிறத்தில் கம்பி தெரிந்தது.

இன்னொன்று திருவான்மியூரில், மருந்தீஸ்வரர் கோயில் பக்கம். 25,000, மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) உண்டு, பஸ் நிலையத்துக்கு நடந்தே போகலாம். பால்கனி கிடையாது. எதைத் திறந்தாலும் சுவர்.

கேட்க வந்தது இதுதான். உப்புக்காற்று என்று அவர் பயப்படுவதில் எவ்வளவு நிஜம்? மூன்றாவது தெருவுக்கும் பத்தாவது தெருவுக்கும் வித்தியாசம் இருக்கிறதா? அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறார்கள், அது சரிதானா? கடலோரம் குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்.

கூலிங் அண்ணன்:

தங்கச்சி, பத்தொன்பது வருஷமாக இந்தப் பக்கம் ஏசி, ஃபிரிட்ஜ் வேலை பார்க்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அதுக்காக ஓட வேண்டியதும் இல்லை.

அவுட்டோர் யூனிட்டில் தகடு தகடாக அலுமினியம் இருக்கும். கடலைப் பார்த்த கிழக்குச் சுவரில் மாட்டினால் மூன்று, நான்கு வருஷத்தில் விரலால் தொட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்கும். அதே மெஷினை மேற்குச் சுவரில், காற்று நேராக அடிக்காத இடத்தில் மாட்டி, மாதம் ஒரு தரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் அதைப்போல இரண்டு மடங்கு ஓடும், பார்த்திருக்கிறேன். போர் தண்ணீரில் கழுவாதீர்கள், அது உப்பை உப்பாலேயே கழுவுவது. வாங்கும்போது காப்பர் காயில், மேலே கோட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம், கேஸ் அடுப்பின் பர்னர், கேட் தாழ்ப்பாள், ஸ்கூட்டர் சைலன்சர், இதெல்லாம் போகும். மிக்ஸிக்கு ஒன்றும் ஆகாது. டிவி போர்டு சில சமயம் போகும், ஜன்னலை எப்போதும் திறந்து வைத்திருக்கும் வீட்டில்.

தெருக் கணக்கு கேட்டீர்கள். முதல் இரண்டு தெருதான் மோசம். அதுக்குப் பின்னால் முன்னே நிற்கும் கட்டடமே மறைப்பு. ஆனால் நீங்கள் இரண்டாவது மாடி, அதுவும் கடல் தெரிகிறது என்கிறீர்கள். உங்களுக்குக் கடல் தெரிந்தால் கடலுக்கும் நீங்கள் தெரிவீர்கள்.

ரிட்டயர்டு ஈஈ:

அம்மா, அந்தச் சன்ஷேடுக்கு வருகிறேன். பெயிண்ட் அல்ல அது. காற்றிலும் ஈரத்திலும் உள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த இரும்பு, முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? வெளியே தள்ளும். முதலில் கம்பியின் நீளத்துக்கு ஒரு கோடு விழும், அப்புறம் உப்பிக்கொண்டு வரும், அப்புறம் விழும். உங்கள் கணவர் சாவி வைத்திருந்தார். நான் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியராக (ஈஈ) சர்வீஸில் இருந்தபோது ஐந்து ரூபாய் நாணயம் வைத்திருப்பேன். தட்டினால் 'டக்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். பானை மாதிரி கேட்டால் உள்ளே விட்டுவிட்டது என்று அர்த்தம். சன்ஷேடோடு நிறுத்தாதீர்கள். படுக்கையறைச் சீலிங்கைக் கழியால் தட்டுங்கள், கட்டில் போடப்போகும் இடத்துக்கு நேர் மேலே. சன்ஷேடு கெட்டிருந்தால் ரிப்பேர் செய்யச் சொல்லிவிட்டுப் போகலாம். சீலிங் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

தண்ணீரை எந்த மாதத்தில் பார்த்தீர்கள்? அக்னி நட்சத்திரத்தில் என்றால் நல்ல காரியம். கார்த்திகையில் பார்த்தால் எல்லா வீட்டுத் தண்ணீரும் தேன். கடற்கரை மணலுக்குக் கீழே மழைநீர், உப்புநீரின் மேல் ஒரு தட்டாக மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கனத்தில் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் நிற்கும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேலே ஓரடியை இழுத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வருகிறது. தெருவில் எல்லாரும் இறைத்தால் நீங்கள் ஒருவர் சிக்கனமாக இருந்து பயனில்லை. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்த வீட்டில் மொட்டைமாடிக் குழாய் கிணற்றில் போய் விழுகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று பாருங்கள். ஓனரைப் பற்றி அதிலேயே தெரிந்துவிடும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகம் இல்லை. குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

அட்வான்ஸ்: தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'வேறு விதமாக' என்ற பின்வாசல் வழியாகத்தான் பத்து மாதம் உள்ளே வருகிறது. பேசிப் பாருங்கள், ஐந்துக்கு இறங்குவார்கள்.

சிக்னலில் நிற்பவன்:

உப்பை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் திருவான்மியூர் சிக்னலிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு தடவை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். மகாபலிபுரம் போன கார் எல்லாம் திரும்பி வரும் நேரம் அது.

குப்பத்துப் பையன்:

அக்கா, நான் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன். இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள்.

கடல் தெரியும் வீடு என்று வருகிறவர்கள் ஆறு மாதத்தில் மீன் நாற்றம், கருவாடு காயப்போடுகிறார்கள், விடியற்காலையில் மோட்டார் சத்தம் என்று புகார் கொடுக்கிறார்கள். ஃபைபர் போட் போவதும் வருவதும் கடலைப் பார்த்து, உங்கள் தூக்கத்தைப் பார்த்து அல்ல. அண்ணன் தூத்துக்குடி என்பதால் அவருக்கு இது தெரிந்திருக்கும்.

இன்னொன்று பால்கனி விளக்கு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமை இந்தக் கரையில் முட்டையிட வரும். குஞ்சு பொரித்ததும் வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓடும். ஒரு காலத்தில் கடல்தான் வெளிச்சம், இப்போது நம் பால்கனி. அந்த நாலு மாதமும் மாணவர்கள் ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். 1988-லிருந்து நடக்கிறது. நீங்களும் ஒரு நாள் போய் நடந்து பாருங்கள், கடலை அப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மீன் வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள் வாருங்கள். இப்போது தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. எங்கள் சின்னப் படகு போகும், அதனால் விலை கொஞ்சம் கூடத்தான். நெத்திலியும் சங்கராவும் கிடைக்கும். வஞ்சிரத்தைக் கேட்டுவிட்டு மயங்கி விழாதீர்கள்.

கரூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, நல்ல கத்திரியில் மறுபடி போனோம். அவர் பையில் டிடிஎஸ் மீட்டர், சட்டைப் பையில் ஐந்து ரூபாய், கையில் ஒட்டடைக் குச்சி. சண்டைக்குப் போகிற மாதிரி இருந்தது.

குழாய்த் தண்ணீர் 1,640. ஓனர் அம்மா "நாங்க எல்லாம் இதுலதான் குளிக்கிறோம்" என்றார். அந்த அம்மாவின் தலைமுடியைப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. மொட்டைமாடிக் குழாய் தெருவுக்குத்தான் போகிறது. பெரிய பெட்ரூம் சீலிங்கை அவர் குச்சியால் தட்டினார். முதல் மூன்று தட்டு கெட்டி. நாலாவது தட்டு, ஈஈ ஐயா, அசல் பானை. கட்டில் வரும் இடத்துக்கு நேர் மேலே. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ரொம்ப நன்றிங்கம்மா" என்று இறங்கிவிட்டோம்.

நான் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஹெல்மெட்டுக்குள் கொஞ்சம் அழுதேன். அவர் வண்டியை வீட்டுக்குத் திருப்பாமல் நேரே மணலுக்கு விட்டார். அந்த நேரத்துக்குத்தான் மேற்கே இருந்து வந்த அனல் நின்று கடல்காற்று திரும்பியது. படகு நிழலில் உட்கார்ந்து ஒரு பாட்டி கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் போய் விலை கேட்டார், பத்து நிமிஷம் பேரம் பேசினார், கால் கிலோ வாங்கினார், அப்படியே பக்கத்தில் வாடகைக்கு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். பதினோரு வீட்டில் ஒரு புரோக்கரிடம்கூட அவர் வாய் திறந்து இவ்வளவு பேசியதில்லை.

பாட்டி கை காட்டிய வீடு ஆறாவது தெரு. முதல் மாடி, 24,500. கடல் தெரியாது, சத்தியமாக ஒரு விரல்கடைகூடத் தெரியாது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்குப் போய் நின்றோம், தெருவில் வண்டிகள் ஓய்ந்ததும் அலைச் சத்தம் கேட்டது. மெட்ரோ வாட்டர் சம்ப்புக்கு வருகிறது, கிணற்றுத் தண்ணீர் 870. சீலிங் முழுக்கத் தட்டியாயிற்று, ஓனர் தாத்தாவே கூட வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அட்வான்ஸ் ஐந்து மாதத்தில் முடிந்தது. மீன் சமைக்கலாமா என்று கேட்டதற்கு, "எனக்கும் ஒரு கிண்ணம் குடுத்தா சமைக்கலாம்" என்றார்.

நேற்று டோக்கன் கொடுத்துவிட்டோம். அம்மாவிடம் ஆறாவது தெரு என்று சொல்லியிருக்கிறேன், எதிலிருந்து ஆறாவது என்று சொல்லவில்லை.

கூலிங் அண்ணா, இங்கே மேற்குச் சுவரில் இடம் இருக்கிறது. ஆனால் மாட்டுவதற்குப் பழைய ஸ்டாண்ட் ஒன்று அங்கேயே கிடக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா?

கூலிங் அண்ணன்:

வேண்டாம் தங்கச்சி. சாதா இரும்பு ஸ்டாண்ட் என்றால் மெஷினுக்கு முன்னாடி ஸ்டாண்ட் கீழே வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கிக்கொள்ளுங்கள், போல்ட்டும் அதிலேயே இருக்கட்டும். போல்ட்டை மறந்துவிடுவார்கள், நின்று பார்த்து வாங்குங்கள்.