நூலகத்துல எழுத்துக் கூட்டிப் படிச்சவங்க: செட்டிநாட்டுப் பக்கம் உங்க அனுபவம் என்ன?

பள்ளத்தூர் மருமகள்:

எங்க பக்கத்துக் கிளை நூலகத்துல சாயங்காலம் எழுத்து வகுப்பு நடக்குது. 2022-ல வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தோட மையம். 15 வயசு தாண்டின யாரும் சேரலாம். வழக்கமா பள்ளிக்கூடத்துலதான் வைப்பாங்க. இங்க பள்ளிக்கூடம் ஊர்க்கோடியில இருக்கு, இருட்டுல அவ்வளவு தூரம் வரமாட்டோம்னு பொம்பளைங்க சொல்லிட்டாங்க. நூலகம் பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல. நான் அங்க தன்னார்வலர்.

சொல்லிக்குடுக்கிறதை விட அவங்களை வாசப்படி தாண்ட வைக்கிறதுதான் பெரும்பாடு. பலகாரம் சுடப் போற அக்கா ஒருத்தங்க தினம் வருவாங்க, செருப்பைக் கழட்டிட்டு வெளியவே நிப்பாங்க. ஏன்க்கா நிக்கிறீங்கன்னா, "உள்ள படிச்சவுக உக்காந்திருக்காக"ன்னாங்க. பேப்பர் மேசையில இருந்தது ரெண்டு பெரியவர். அதுல ஒருத்தர் தூங்கிட்டிருந்தார்!

அந்த அக்காவுக்கு வந்த நெருக்கடி இதுதான். இத்தனை வருஷமா பாக்கெட்ல ஒட்டுற ஸ்டிக்கரோட கலரை வச்சே எது எதுன்னு பிரிச்சிருக்காங்க. தேன்குழலுக்கு மஞ்சள், மணகோலத்துக்குப் பச்சை. திடீர்னு கடைக்கார ஆச்சி செலவைக் குறைக்க எல்லாத்தையும் ஒரே கலர்ல அடிச்சிட்டாங்க. மறுநாளே மணகோலம் பாக்கெட்டுல தேன்குழல் ஸ்டிக்கர்.

பாடப் புத்தகத்தை எடுத்து அணில், ஆடுன்னு ஆரம்பிச்சேன். "அணிலை எனக்குத் தெரியுமே தாயி, அதை எதுக்கு எழுதிக்கிட்டு?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானே! ஸ்டிக்கர் சுருளையே கொண்டுவரச் சொன்னேன். 'மணகோலம்' அவங்களுக்கு நல்லா வாய்ச்சிது. ம முதல்லயும் வருது, புள்ளி வச்சுக் கடைசியிலயும் வருது. நடுவுல 'கோ'தான் மல்லுக்கட்டுச்சு. ஒரு எழுத்துக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி கால், ஆனா சத்தம் ஒண்ணுதான்ங்கிறதை ஒத்துக்கவே மாட்டேன்னாங்க. "முன்னாடி நிக்கிறது கடைசியா எப்படி வாயில வருது?" இதுக்கு என்கிட்ட இன்னைக்கும் ஒழுங்கான பதில் இல்ல. பழகப் பழக வந்திருச்சு, அவ்வளவுதான்.

போன தீபாவளி சீசன்ல ஆச்சிகிட்டயே போய், "ஆச்சி, சீப்புச் சீடையில ரெண்டாவது 'சீ'க்குச் சுழி விட்டுப்போச்சு"ன்னு காட்டியிருக்காங்க. பார்த்தா நிஜமாவே 'சிடை'ன்னுதான் அச்சாகியிருந்துச்சு.

உங்க ஊர்ல எப்படி நடக்குது? சொல்லுங்க.

பொன்னமராவதி பையன்:

எங்க அம்மா பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்த அறிவொளியில படிச்சவங்க. நாங்க புதுக்கோட்டை மாவட்டம். 1991-ல அறிவொளி இயக்கம் வந்தப்ப பொம்பளைங்க எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க, அதுதான் நாடெல்லாம் பேச்சாச்சு. அம்மாவும் குரங்குப்பெடல் அடிச்சுப் பழகி, அப்பாவுக்கு வயக்காட்டுக்குச் சோறு கொண்டுபோனாங்க. மறுவருஷமே மாவட்டத்தை முழு எழுத்தறிவு பெற்றதா அறிவிச்சாச்சு.

சைக்கிள் தங்கிருச்சு, எழுத்துதான் தங்கல. பாடப் புத்தகம் முடிஞ்சதும் வீட்டுல படிக்கிறதுக்கு ஒரு காகிதம் கிடையாது. கொஞ்ச வருஷத்துல கையெழுத்து மட்டும் மிஞ்சிச்சு. அது பாதகமா முடிஞ்சதும் உண்டு. குழுக்கடன்னு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி வந்தப்ப, கைநாட்டு வச்ச அத்தை "யாராவது படிச்சுக் காட்டுங்க"ன்னு கேட்டாங்க. எங்கம்மாவுக்குக் கேக்கக் கூச்சம். கையெழுத்துப் போடத் தெரிஞ்ச ஆளாச்சே! படிக்காமலே போட்டுட்டாங்க. பக்கத்து வீட்டுக் கடனுக்கும் சேர்த்து ஜாமீன் நின்னது தவணை கேட்டு ஆள் வந்தப்பதான் தெரிஞ்சுது.

அதனால எனக்கு வகுப்பு முக்கியமில்ல, வகுப்புக்குப் பிறகு என்ன இருக்குங்கிறதுதான். எங்க ஊர்ப்புற நூலகத்துல சிறுவர் பகுதியில பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் இருக்கு. பேரனுக்குன்னு சொல்லி எடுத்துட்டு வந்து அம்மாவே இப்ப மறுபடி எழுத்துக் கூட்டிப் படிக்கிறாங்க. பேரன் இருக்கிறது பெங்களூர்ல.

கோட்டையூர் வாசகன்:

அண்ணன் சொன்ன "படிக்கிறதுக்கு ஒரு காகிதம் கிடையாது"ங்கிறதுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. காகிதம் இருக்கு, நாம அதைப் படிப்புன்னு மதிக்கிறதில்ல. எங்க ஊர் ரோஜா முத்தையா அவர்களை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எதையும் விடல. அவர் 1992-ல காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதையெல்லாம் வாங்கி, இன்னைக்குச் சென்னையில அவர் பேர்லயே ஆராய்ச்சி நூலகமா இருக்கு.

அந்த நினைப்புலதான் எங்க மையத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையா கட்டிக் கொண்டுபோய்க் குடுத்தேன். பெரிய வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு எந்த வீட்டுல யார் மகன், யார் பேரன்னு தலைகீழாத் தெரியும். 'சித. பழ.'ன்னு தலைப்பெழுத்தைப் பார்த்ததுமே அடுத்து வர்ற பேர் இன்னார்தான்னு சொல்லிடுறாங்க. சொல்லிட்டு எழுத்துல தேடிக் கண்டுபிடிக்கிறாங்க. புத்தகத்துல ஒரு வாரம் இழுக்கிறது இதுல ஒரு சாயங்காலத்துல நடக்குது. கூடவே எந்த வீட்டுச் சம்பந்தம் யார் பேச்சால நின்னுபோச்சுங்கிற கதையும் வந்திரும். அதைத் தடுக்க முடியாது. தடுக்கவும் வேணாம்.

ஓய்வு பெற்ற நூலகர்:

மருமகள் சொன்ன வாசப்படிப் பிரச்சினையை வேலைக்காலம் பூரா பார்த்தேன். ஒண்ணு மட்டும் பலிச்சுது. வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொல்லுவேன். அதுல 'நூலக வரி'ன்னு தனியா போட்டிருக்கும், வீட்டு வரியில ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. 1948-ல சென்னை மாகாணத்துல போட்ட பொது நூலகச் சட்டத்துல வந்தது. சுதந்திர இந்தியாவுல முதல் நூலகச் சட்டம், நூலக அறிவியல் அறிஞர் சீர்காழிக்காரர் ரங்கநாதன் வருஷக்கணக்கா அலைஞ்சு கொண்டுவந்தது. இந்த வரலாறெல்லாம் அவங்களுக்குச் சொல்லமாட்டேன். ரசீதுல அந்த இடத்தைத் தொட்டு, "இது நீங்க கட்டுற காசு, இந்த மின்விசிறி அதுல ஓடுது"ம்பேன். ஒரு அம்மா உடனே உள்ள வந்து விசிறிக்கு நேரா உக்காந்துட்டாங்க. கடைசி வரைக்கும் அந்த நாற்காலி அவங்களுக்குத்தான்.

இன்னொண்ணு. கிளை நூலகம்னா பெரும்பாலும் ஒத்தை ஆள். பதிவேடு, வாடகைக் கட்டிடம்னா அந்தத் தொல்லை, மாவட்ட மைய நூலகத்துக்கு அறிக்கை, எல்லாம் அவர் தலையிலதான். வகுப்பும் அவரே எடுக்கணும்னு எதிர்பார்க்காதீங்க. சாவியும் இடமும் குடுத்தாலே பெரிசு.

தேவகோட்டை குரூப் 4:

நான் எழுத்து வகுப்புக்காரன் இல்ல, போட்டித் தேர்வு மேசைக்காரன். பள்ளிப் பாடப் புத்தகங்களை வச்சுத்தான் எங்க படிப்பு ஓடுது. எங்க மேசைக்கு அடுத்த மேசையில சாயங்கால வகுப்பு. முதல்ல சத்தம்னு எரிச்சல்பட்டோம், உண்மைதான். இப்ப ஒரு ஒப்பந்தம். அவங்க எழுதுற எழுத்தறிவுத் தேர்வுக்கு நாங்க சொல்லிக்குடுக்கிறோம். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொண்ணுக்கும் 50 மார்க், மொத்தம் 150. கணக்கு சொல்லித்தரப் போனா அவங்க எங்களுக்குச் சொல்லித்தர்றாங்க. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில வேலை பார்க்கிற மாமா ஒருத்தர், இத்தனை அடி நீள அகலத்துக்கு எத்தனை கல்லுன்னு வாயாலயே போட்டுட்டார். பேப்பர்ல எழுதச் சொன்னா மட்டும் பேனாவைக் கடப்பாரை மாதிரி பிடிக்கிறார்.

ஒரு சந்தேகம். அவர் எழுத்தை ஒரு முழம் தள்ளிப் பிடிச்சுத்தான் பார்க்கிறார். கிட்ட வச்சா "மண்டையில ஏறல மாப்ள"ங்கிறார்.

பள்ளத்தூர் மருமகள்:

தம்பி, அது மண்டை இல்ல, வெள்ளெழுத்து. 40 வயசு தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். படிச்சவங்களுக்குப் பேப்பர் மங்கினதும் புரிஞ்சிரும், கண்ணாடி போட்டுக்குவாங்க. படிக்காதவங்களுக்கு அதுவரைக்கும் ஊசியில நூல் கோக்கிறப்ப மட்டும்தான் தொந்தரவு. வகுப்புக்கு வந்ததும் எழுத்து கலங்கித் தெரியுது, 'நமக்கு வராது'ன்னு நின்னுடுறாங்க. எங்க மையத்துல பாதியில நின்ன பல பேரோட பிரச்சினை இதுதான்னு கண் முகாம் நடந்தப்பதான் தெரிஞ்சுது. கண்ணாடி வாங்கிக் குடுத்ததும் திரும்பி வந்தாங்க. எல்லாரும் வரல, சிலருக்கு வேலை மாறிப்போச்சு. உங்க மாமாவை முதல்ல கண்ணைக் காட்டச் சொல்லுங்க.

ஓய்வு பெற்ற நூலகர்:

எங்க வாசகர் வட்டம் 1, 1.5, 2, 2.5 பவர்ல படிக்கிற கண்ணாடி வாங்கி நூலக மேசையிலயே வச்சிருக்கு. டாக்டர் பார்க்கிற வரைக்கும் தற்காலிகத்துக்குப் போதும். பவரைக் காம்புல பெரிசா எழுதி ஒட்டுங்க. கயிறு கட்டி வைங்க, இல்லேன்னா மூக்குல மாட்டினபடியே வீட்டுக்குப் போயிருவாக.