புதுப்பிப்பு: ஷிஷ்கின் பனிக்காடு, சுண்ணாம்பு மாதிரி நின்ற பனி சரியாகிவிட்டது

ரஷ்ய ஓவியர் இவான் ஷிஷ்கின் 1890இல் வரைந்த ‘குளிர்காலம்’ ஓவியத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகுகிறேன். பனி வெள்ளையடித்த சுவர் போலத் தட்டையாக நிற்கிறது, 12 நாளாகியும் காயவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது தென்காசி அண்ணாச்சி சொன்ன வழிதான். வெள்ளை டியூபை ஒளித்து வைத்துவிட்டுப் பனியை வரையச் சொன்னார். ஈரமாக இருந்ததைக் கத்தியால் வழித்தேன். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் அருமையான சாம்பல் வருகிறது. கொஞ்சம் வெள்ளை சேர்த்து அதைத்தான் முன்பக்கப் பனி முழுக்கப் பூசினேன். கலப்பில்லாத டைட்டானியம் வெள்ளை, மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும், கடைசியாக. பனியையே கண்டிராத செங்கோட்டைக்காரனுக்கு அது நிழலால் ஆனது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

காயாததற்குச் சாரலை மட்டும் பழி சொல்லியிருந்தேன். அது பாதிதான். எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல வற்றிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்து இறுகுகிறது. நான் அப்பியிருந்த கனத்துக்கு எந்த ஊரிலும் தாமதமாகியிருக்கும். மெல்லிசாகப் பூசியதும் 5 நாளில் தொட முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று. தூசிக்குப் பயந்து பீரோவுக்குள் வைத்தேன், பனி லேசாக மஞ்சளித்துவிட்டது. வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் இருட்டில் அப்படித்தானாம். ஜன்னலோரம் ஒரு வாரம் வைத்ததும் பெரும்பாலும் தெளிந்துவிட்டது.